பாய்மரக் கப்பல் மாதிரி: ஏரா வைப்பதிலிருந்து கடைசிக் கயிறு வரை

கடைகளில் விற்கும் அலங்காரக் கப்பல்களில் கயிறுகள் ஏராளமாக இருக்கும். ஒன்றுக்கும் வேலை இருக்காது. பாய்மரத்தின் உச்சியிலிருந்து கிளம்பும் நூல் எங்காவது ஓர் ஆணியில் போய் முடியும். அதை இழுத்தால் எதுவும் ஏறாது, எதுவும் இறங்காது. இந்த வழிகாட்டி வேறு வகைக் கப்பலுக்கானது. ஒவ்வொரு கயிறும் எதைப் பிடித்திருக்கிறது, எந்தக் கப்பி வழியாக இறங்குகிறது, கயிற்றைச் சுற்றிக் கட்டும் முளைகளில் எதில் முடிகிறது என்று கேட்டால், செய்தவர் தயங்காமல் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இந்த எண்ணம் கயிறு கட்டும்போது வந்தால் போதாது. ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், வைக்கும் நாளிலேயே இருக்க வேண்டும். தளம் ஒட்டுவதற்கு முன் போட வேண்டிய துளைகள் பல உண்டு. பாய்மரம் நட்ட பிறகு அங்கே கை நுழையாது.

காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு இந்தக் கலைக்கு வேண்டியவை பெரும்பாலும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. மரம் உண்டு, மூங்கில் உண்டு, பித்தளை வேலை தெரிந்தவர்கள் உண்டு. கப்பலின் நினைவும் உண்டு. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கோட்டை கட்டினார்கள். நாகப்பட்டினம் 1690 முதல் 1781 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது. நாகூர் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் இன்றும் வருகின்றன.

எந்தக் கப்பலைச் செய்வது

1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனின் கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. அவற்றில் ஒரு போர்க்கப்பலைச் செய்ய வேண்டும் என்ற ஆசை இந்தப் பகுதியில் இருக்கும் யாருக்கும் வரும். முதல் கப்பலுக்கு அது வேண்டாம். மூன்று பாய்மரம், இரண்டு அடுக்குப் பீரங்கி, நூற்றுக்கணக்கான கப்பிகள்: பாதியில் நின்றுபோன போர்க்கப்பலைவிட முடிந்த வணிகக் கப்பல் எவ்வளவோ மேல்.

இரண்டு பாய்மரமுள்ள கடலோர வணிகக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். கோடிக்கரைக்கு எதிரே, பாக் நீரிணையின் அக்கரையில் இருக்கும் வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய ‘அன்னபூரணி’ அப்படிப்பட்ட கப்பல்தான். ஏறக்குறைய 90 அடி நீளம். ஓர் அமெரிக்கர் அதை வாங்கினார்; 1938இல் அது அட்லாண்டிக்கைக் கடந்து மாசசூசெட்ஸின் குளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் கட்டும் நம் ஓடாவிகளின் கைவேலை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டியின் கணக்குகள் எல்லாம் 90 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட இரண்டு பாய்மரக் கப்பலை 1:64 அளவில் செய்வதற்கானவை. உடல் நீளம் சுமார் 43 செ.மீ., அகலம் 9.5 செ.மீ. வரும். ஓர் அடி மாதிரியில் 4.76 மி.மீ.; இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தினமும் தேவைப்படும். இதைவிடச் சிறிய அளவில் முடிச்சுகள் கண்ணுக்கு எட்டாமல் போகும்; பெரிதாக்கினால் வீட்டில் வைக்க இடமிருக்காது.

வரைபடம் இல்லாமல் தொடங்காதீர்கள். பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டுகள் ஆகிய மூன்றும் வேண்டும். லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் பழைய கப்பல் வரைபடங்களின் பெரும் தொகுப்பை வைத்திருக்கிறது. நகல் வாங்க முடியும். கயிறுகளுக்கான தனிப் படம் பல நேரங்களில் வரைபடத்தோடு வராது. அதை நீங்களே வரைய வேண்டியிருக்கும். முளைகளுக்கெல்லாம் எண் கொடுத்து, எந்த எண்ணில் எந்தக் கயிறு என்று ஒரு தாளில் எழுதி வேலைமேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

மரம்

தேக்கு நல்ல மரம்தான். ஆனால் மாதிரிக் கப்பலின் பலகைக்கு அது பொருந்தாது. அதன் துளைகள் பெரியவை. 1:64 அளவில் ஒவ்வொரு துளையும் பலகையில் விரல் நுழையும் ஓட்டை போலத் தெரியும். நேராக ஓடும் தேக்கைப் பாய்மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிப் பலகைக்கு மஞ்சள் கடம்பு அருமையானது. இழை நெருக்கம், ஒரு காலத்தில் சீப்பு செய்ய இதைத்தான் தேடினார்கள். தளத்துக்கும் அதுவே போதும். அடர்ந்த நிறம் வேண்டும் இடங்களுக்குப் பூவரசு இருக்கிறது. வாய்க்கால் கரையெல்லாம் நிற்கும் மரம் என்பதால் அதன் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. வைரம் பாய்ந்த பூவரசு பழுப்பும் சிவப்பும் கலந்து, தேய்க்கத் தேய்க்க மெருகேறும். உள் அடுக்குப் பலகைக்கு மலைவேம்பு: மென்மையானது, வளைந்து கொடுக்கும், மலிவு. தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறைகளில் பலாமரத் துண்டுகள் மிஞ்சும், கேட்டால் கொடுப்பார்கள். பலாவின் இழை பின்னிப் பின்னி ஓடுவதால் மெல்லிய பலகையாக வளைக்கும்போது முறியும். ஆனால் ஏரா, அணியக் (முன்முனைக்) கட்டை, சுக்கான், பீடம் ஆகியவற்றுக்கு அதுவே சிறந்தது. பாயைத் தாங்கும் குறுக்குமரங்களான பருமல்களில் மெல்லியவற்றுக்கு மூங்கிலைப் பிளந்து எடுங்கள்.

எந்த மரமானாலும் வெளிறை, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள மென்பகுதியை, ஒதுக்கிவிடுங்கள். மரத்தைத் துளைக்கும் உளுப் பூச்சி விழுவது முதலில் அங்கேதான். முடிந்த கப்பலுக்குள் உளு புகுந்தால் வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

மரவாடியில் ஓரடி நீளத் துண்டுகளாக அறுத்து வாங்கி, வேலை செய்யும் அறையிலேயே சில மாதங்கள் அடுக்கி வையுங்கள். துண்டுகளுக்கு இடையே குச்சி வைத்துக் காற்றோட்டம் விட வேண்டும். நம் பகுதியில் மரம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தை உறிஞ்சி அகலும். சித்திரை, வைகாசியில் சுருங்கும். அடைமழையில் பலகை ஒட்டினால் கோடையில் இடைவெளி விழும். கத்திரி வெயிலில் இறுக்கி ஒட்டினால் மழைக்காலத்தில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிப் புடைத்துக்கொள்ளும். ஆகவே பலகை வேலையை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் வரைபடம், கப்பி, கயிறு திரித்தல் போன்ற உட்கார்ந்த வேலைகளைச் செய்யலாம்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மெல்லிய இழை ரம்பம், சிறிய இழைப்புளி, கூர்மையான கத்தி, அரம், பல தரத்தில் உப்புத்தாள், கையால் சுழற்றும் சிறு துளைக்கருவி, 0.4 மி.மீ. முதல் துரப்பண ஊசிகள், சாமணம் இரண்டு, வெர்னியர் காலிப்பர், நிறையத் துணிக்கிளிப். காலிப்பரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஏராவும் வங்குகளும்

உண்மைக் கப்பலில் ஏராவின் மேல் விலா எலும்பு போன்ற வங்குக்கால்கள் நெருக்கமாக நிற்கும். மாதிரியில் அதற்குப் பதிலாகக் கப்பலின் பக்கத் தோற்றத்தையே 5 மி.மீ. பிளைவுட்டில் ஒரு முதுகெலும்பாக அறுத்து, அதில் குறுக்குத் தட்டிகளைச் செருகுகிறோம். 43 செ.மீ. உடலுக்கு மூன்று செ.மீ.க்கு ஒன்றாகப் பதின்மூன்று, பதினான்கு தட்டிகள் வரும். குறுக்குவெட்டு வரைபடம் பலகையின் வெளிப்பரப்பைக் காட்டுகிறது என்றால், பலகைகளின் மொத்தக் கனத்தைத் தட்டியின் ஓரத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். இதைக் கழிக்காமல் அறுத்தால் கப்பல் பருத்துவிடும்.

முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்பதைக் கண்ணாடிப் பலகை மேல் கிடத்திப் பாருங்கள். பிளைவுட் லேசாகக் கோணியிருந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு அறுங்கள். பின்னால் எந்தப் பலகையும் அதை நிமிர்த்தாது. தட்டிகளை ஒட்டும்போது ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள். தட்டிகளுக்கு இடையில் அணியத்திலும் பின்புறத்திலும் மென்மரக் கட்டைகளை அடைத்துச் செதுக்கிவிட்டால் பலகை ஒட்ட நல்ல பரப்பு கிடைக்கும்.

பாய்மரங்கள் நுழையும் குழிகளை இப்போதே வெட்டுங்கள். பாய்மரம் நேர்க்குத்தாக நிற்பதில்லை; சற்றே பின்னோக்கிச் சாயும். அந்தச் சாய்வு வரைபடத்தில் இருக்கும். குழியிலேயே அதை அமைத்துவிட வேண்டும்.

அடுத்து வருவதுதான் உடலின் அழகைத் தீர்மானிக்கும் வேலை. தட்டிகளின் ஓரம் செங்குத்தாக அறுபட்டிருக்கும். பலகையோ அணியத்தை நோக்கி வளைந்து வரும். எனவே ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து, பலகை முழு அகலத்திலும் படியுமாறு செய்ய வேண்டும். நீண்ட கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று நான்கு தட்டிகளைத் தொடுமாறு தேயுங்கள். இடையிடையே மெல்லிய குச்சி ஒன்றை முன்னிருந்து பின்வரை வளைத்துப் பாருங்கள். எங்காவது துள்ளினாலோ பள்ளம் விழுந்தாலோ அங்கே வேலை பாக்கி. இதில் அவசரப்படுகிறவர்கள்தான் பின்னால் மக்கு பூசி மறைக்கிறார்கள்.

பலகை

இரண்டு அடுக்காகப் பலகை அடிப்பது நல்லது. முதல் அடுக்கு மலைவேம்பில் 1.5 மி.மீ. கனம், 5 மி.மீ. அகலம், மேல் அடுக்கு மஞ்சள் கடம்பிலோ பூவரசிலோ ஒரு மி.மீ.க்குள்.

பலகைகள் ஏன் முனையில் மெலிய வேண்டும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நடுத் தட்டியில் மேல் விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு நூலை ஓட்டி அளந்து பாருங்கள். 100 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. பலகை என்றால் இருபது வரிசை. அதே நூலை அணியத் தட்டியில் ஓட்டினால் 60 மி.மீ.தான் வரும். அந்த இருபது வரிசையும் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆளுக்கு 3 மி.மீ. ஆகவே ஒவ்வொரு பலகையும் நடுவில் 5, முனையில் 3 என்று மெலிந்து போக வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் மெலியக் கூடாது. அப்படித் தேவைப்பட்டால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கி முடியுங்கள். பின்புறத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே பரப்பு விரியும், ஆப்பு வடிவத் துண்டுகளை இடையில் செருக வேண்டும்.

எல்லாத் தட்டிகளிலும் இந்தக் கணக்கைப் பென்சிலால் குறித்துவிட்டு, மேலே இரண்டு வரிசை, கீழே ஏராவை ஒட்டி ஒரு வரிசை என்று மாறி மாறிப் போடுங்கள். வலப்பக்கம் ஒன்று போட்டால் இடப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஏற்றிக்கொண்டே போனால் பலகையின் இழுவிசை முதுகெலும்பைக் கோணலாக்கிவிடும்.

வளைப்பதற்குப் பலகையைச் சுடுநீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, கப்பலிலேயே கிளிப் போட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் காய்ந்து வடிவம் பிடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரப் பலகையை ஒட்டினால் காயும்போது அகலம் குறைந்து இடுக்கு விழும். பசைக்கு ஃபெவிகால் போதும். உடனே பிடிக்கும் பசையை அவசரத்துக்கு ஒரு சொட்டு வைக்கலாம். ஆனால் அது மரத்தில் கறை விடும், அந்த இடத்தில் வார்னிஷ் ஏறாது.

மேல் அடுக்கில் பலகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒட்டினால், இடுக்கில் நார் திணித்து அடைக்கும் கலப்பத்து அடித்த கோடு போலக் கிடைக்கும். கறுப்பு மை வேண்டாம், மரத்துக்குள் பரவிவிடும்.

தளமும் அதன் துளைகளும்

தளப் பலகைக்கு 3 மி.மீ. அகலமும் 10 முதல் 12 செ.மீ. நீளமும் சரியாக இருக்கும். உண்மையில் அது ஏழரை அங்குல அகலமும் இருபத்து மூன்றடி நீளமும் கொண்ட பலகை. முழு நீளத்துக்கும் ஒரே பலகையை ஓட்டாதீர்கள். மூட்டுகள் அடுத்தடுத்த வரிசையில் ஒரே இடத்தில் விழக் கூடாது. குறைந்தது மூன்று வரிசை தள்ளித்தான் மறுபடி அதே நேரில் மூட்டு வர வேண்டும். நடுக்கோட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போடுங்கள். பளபளப்பான வார்னிஷை விட்டுவிடுங்கள். கடலில் உழைத்த தளம் மின்னாது. தேன்மெழுகு தேய்த்தாலே போதும்.

இப்போது அந்த முளைத் தாளை எடுங்கள். பாய்மரத்தின் அடியில் வரும் வளையங்கள், பக்கச் சுவரின் உட்புறத்தில் வரும் முளைச் சட்டம், கப்பிகளைப் பிடிக்கும் கொக்கிகள் அனைத்துக்கும் இப்போதே துளையிட்டுப் பொருத்துங்கள். பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகி, அடியில் பசை வையுங்கள். வெறும் பசையால் மேலே ஒட்டிய வளையம் கயிற்றின் இழுப்பில் ஒருநாள் கழன்று வரும். முளைகளை மூங்கில் குச்சியிலும் கடையலாம், பித்தளைக் கம்பியிலும் செய்யலாம். நங்கூரம், மணி போன்றவற்றை வார்த்துச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு நாச்சியார்கோவிலும் சுவாமிமலையும் பக்கத்தில் இருக்கின்றன. சுவாமிமலை முறைப்படி மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து உலோகம் ஊற்றினால் நகமளவு நங்கூரத்திலும் கூர்மை வரும்.

பாய்மரமும் பருமலும்

பழைய கணக்கு ஒன்று இன்றும் உதவும்: கீழ்ப் பாய்மரத்தின் நீளத்தில் மூன்றடிக்கு ஓர் அங்குலம் விட்டம். நம் கப்பலின் பெரிய பாய்மரத்தின் கீழ்த்துண்டு 54 அடி என்றால் விட்டம் 18 அங்குலம். மாதிரியில் 257 மி.மீ. நீளம், 7 மி.மீ. விட்டம். கீழ்ப் பருமலுக்கு மூன்றடிக்குச் சுமார் 0.7 அங்குலம், 42 அடிப் பருமல் மாதிரியில் 20 செ.மீ. நீளமும் 4 மி.மீ. விட்டமும் வரும். பருமல் நடுவில் பருத்து, இரு நுனியிலும் பாதிக்கும் சற்றுக் குறைவாக மெலியும்.

உருண்டைக் குச்சியை வாங்கித் தேய்ப்பதைவிடச் சதுரத்திலிருந்து தொடங்குவது மேல். மரத்தை அறுக்காமல் இழையின் போக்கில் பிளந்து எடுங்கள். அப்போதுதான் பின்னாளில் வளையாது. சதுரத்தை முதலில் நான்கு பக்கமும் இழைத்து நுனி நோக்கி மெலிய வைத்துவிட்டு, ஒவ்வொரு முகத்தையும் 7, 10, 7 என்ற விகிதத்தில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஓரத்து ஏழு பங்குகளை இழைத்தால் சரியான எண்கோணம். அதன் முனைகளை இழைத்தால் பதினாறு பக்கம். பிறகு உப்புத்தாளால் சுற்றித் தேய்த்தால் உருண்டை.

பருமல்களைப் பாய்மரத்தில் ஏற்றுவதற்கு முன்பே அவற்றில் வரும் கப்பிகளையும், மாலுமிகள் நிற்கும் கால்கயிற்றையும் மேசை மேல் வைத்துக் கட்டிவிடுங்கள். மேசையில் நிமிடத்தில் முடியும் முடிச்சு, பாய்மர உச்சியில் பொறுமையைச் சோதிக்கும்.

கயிறு திரித்தல்

இங்கேதான் நல்ல மாதிரியும் அலங்காரப் பொருளும் பிரிகின்றன. கப்பலில் ஒரே பருமனில் எல்லாக் கயிறும் இருப்பதில்லை. பாய்மரத்தை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் முன் கயிறு மிகப் பருமன், பாய்மரத்தை இரு பக்கமும் பிடிக்கும் பக்கக் கயிறுகள் அதில் பாதிக்கும் சற்று மேல், அவற்றின் குறுக்கே ஏணிப்படி போலக் கட்டும் படிக்கயிறு மெல்லியது.

கப்பல் கயிற்றை அதன் சுற்றளவால்தான் அளந்தார்கள். வரைபடத்தில் ஒன்பது அங்குலக் கயிறு என்று இருந்தால் அது விட்டமல்ல. 18 அங்குலப் பாய்மரத்துக்கு முன் கயிற்றின் சுற்றளவு அதில் பாதி, ஒன்பது அங்குலம். மாதிரியில் விட்டம் 1.1 மி.மீ. பக்கக் கயிறு அதில் ஐந்தில் மூன்று பங்கு, 0.7 மி.மீ. பருமலை ஏற்றும் ஆஞ்சான் போன்றவை 0.4 மி.மீ. படிக்கயிறு 0.2 மி.மீ.

நூல் பருத்தியா, பாலியஸ்டரா? படுகையின் ஈரக்காற்றைப் பார்த்தவன் என்ற முறையில் நான் பாலியஸ்டர் என்றே சொல்வேன். பருத்தி நூல் ஈரத்தில் இறுகும், வறட்சியில் தளரும். சித்திரையில் விறைப்பாகக் கட்டிய பருத்திக் கயிறு கார்த்திகையில் பாய்மரத்தையே வளைத்துவிடும். பாலியஸ்டரின் மினுமினுப்பு ஒன்றுதான் குறை. தேன்மெழுகில் இழுத்து, துணியால் துடைத்தால் அது அடங்கும். மெழுகை அப்பிவிட்டால் நம் வெயிலுக்கு இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பூச்சு போதும்.

திரிக்கும் கருவியை நீங்களே செய்யலாம். ஒரு பலகையில் ஒரு பெரிய பற்சக்கரம், அதைத் தொட்டுச் சுழலும் மூன்று சிறிய பற்சக்கரங்கள், ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு கொக்கி. எதிர்முனையில் நகரும் கட்டை ஒன்றில் ஒற்றைக் கொக்கி. தூண்டில் சாமான் கடையில் கிடைக்கும் சுழல்கொக்கி இதற்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். நடுவில் மூன்று பள்ளம் உள்ள மரக்கூம்பு. மூன்று கொக்கிகளையும் சுழற்றினால் மூன்று இழைகளும் முறுக்கேறும். கூம்பை மெல்ல முன்னே நகரவிட்டால் அதன் பின்னால் அவை தாமே ஒன்றையொன்று சுற்றிக் கயிறாகும். நீளம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதற்கேற்ப நூலை விடுங்கள்.

முறுக்கின் திசையைக் கவனியுங்கள். வழக்கமான கப்பல் கயிற்றை நிறுத்திப் பிடித்துப் பார்த்தால் இழைகள் இடது கீழிருந்து வலது மேலாக ஏறும். தையல் நூல் பெரும்பாலும் இதே முறுக்கில்தான் வருகிறது. அதை மூன்றாகச் சேர்த்து ஒருமுறை திரித்தால் திசை மாறிவிடும். எனவே முதலில் இரண்டு மூன்று நூல்களைச் சேர்த்து ஒரு புரி, அந்தப் புரிகள் மூன்றைச் சேர்த்து மறுபடி ஒரு திரிப்பு: இப்போது திசை சரியாகிவிடும். மெல்லிய கயிறுகளுக்குத் தையல் நூலையே அப்படியே பயன்படுத்தலாம்.

அசையாமல் நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள் என்பதால் அவை அடர்பழுப்பு நூலில்; இழுத்து விடும் கயிறுகள் வைக்கோல் நிறத்தில். கரிக்கறுப்பு நூல் வேண்டாம், பொம்மைத்தனம் வந்துவிடும். கயிற்றை வெட்டும் இடத்தில் முதலில் நீர் கலந்த ஃபெவிகாலைத் தொட்டு, காய்ந்த பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் நுனி பிரியும்.

அசையாக் கயிறுகள்

வரிசை முக்கியம். முதலில் பௌஸ்பிரிட் எனப்படும், அணியத்திலிருந்து முன்னோக்கி நீளும் மரத்தை உடலோடு இறுகக் கட்டுங்கள். முன் பாய்மரத்தின் கயிறு அதில்தான் தொங்கப்போகிறது. பிறகு கீழ்ப் பாய்மரங்களின் பக்கக் கயிறுகள். வலப்பக்கத்தின் முன்னால் உள்ள இணை, அடுத்து இடப்பக்கத்தின் முன்னிணை, மறுபடி வலம் என்று மாறி மாறி வளையங்களைப் பாய்மரத் தலையில் மாட்டிக்கொண்டே வர வேண்டும். அவற்றுக்கெல்லாம் மேலே கடைசியாக முன் கயிற்றின் வளையம் உட்காரும். மாற்றிப் போட்டால் பார்க்கிறவர்களில் தெரிந்தவர் ஒருவர் உடனே சொல்லிவிடுவார்.

பக்கக் கயிற்றின் கீழ்நுனியை விறைப்பாக்குவது முக்கண் கட்டை இணை. தேங்காயின் முகத்தில் இருப்பது போல மூன்று கண் உள்ள வட்டக் கட்டை. நம் அளவுக்கு 3.5 மி.மீ. விட்டம். கீழ்க்கட்டை கப்பலின் பக்கத்தில் இரும்புப் பட்டையால் பிணைக்கப்பட்டிருக்கும். மேல்கட்டை கயிற்றின் நுனியில். எல்லா மேல்கட்டைகளும் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். இதற்குப் பித்தளைக் கம்பியை இரு முனையிலும் மடித்து ஓர் அளவுக்கொக்கி செய்யுங்கள். ஒரு முனையைக் கீழ்க்கட்டையின் கண்ணிலும் மறுமுனையை மேல்கட்டையின் கண்ணிலும் மாட்டினால் இடைவெளி மாறாது. அப்படியே வைத்துக்கொண்டு பக்கக் கயிற்றைக் கட்டையைச் சுற்றி இழுத்து மெல்லிய நூலால் மூன்று இடத்தில் பிணைக்கலாம். பிறகு கொக்கியை எடுத்துவிட்டு, 0.35 மி.மீ. நூலின் நுனியில் முடிச்சுப் போட்டு, மேல்கட்டையின் உட்புறத்திலிருந்து முதல் கண்ணில் நுழையுங்கள். கீழே, மேலே, கீழே, மேலே, கீழே என்று ஆறு கண்களும் நிறைந்ததும் மிச்ச நூலை மேல்கட்டைக்கு மேலே பக்கக் கயிற்றில் சுற்றி முடியுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக விறைப்பாக்காதீர்கள். இரு பக்கமும் தளர்வாகக் கட்டிவிட்டு, எதிரெதிரே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பாய்மரம் முன்னிருந்து பார்த்தால் நட்ட நடுவில் நிற்க வேண்டும்.

படிக்கயிறுகளுக்குப் பின்னால் 5.5 மி.மீ.க்கு ஒரு கோடு போட்ட வெள்ளைத் தாளை வையுங்கள். பக்கக் கயிறுகள் உள்ளே சுருங்கி இடுப்புப் போல ஒடுங்குவதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. அதைத் தடுக்கத் தென்னை ஈர்க்கு இரண்டு மூன்றைக் குறுக்கே தற்காலிகமாகக் கட்டிவைத்துக்கொண்டு, ஐந்தாவது, பத்தாவது படிகளை முதலில் கட்டுங்கள். இடையில் உள்ளவற்றைப் பிறகு நிரப்பலாம். ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் படிக்கயிற்றை இரண்டு முறை சுற்றி, இரண்டாவது சுற்றின் அடியில் நுனியை நுழைத்து இழுத்தால் முடிச்சு நகராது. எடையால் தொய்வது போல மயிரிழை தளர்வு இருக்கட்டும். முடிச்சுக்கு நீர் கலந்த ஃபெவிகால் ஒரு துளி. உடனே பிடிக்கும் பசை நூலைக் கம்பியாக்கிவிடும், வெண்மையாகப் பூக்கும், சில ஆண்டில் அந்த இடத்திலேயே நூல் முறியவும் கூடும்.

இழுத்து விடும் கயிறுகள்

உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே. பாய்மரத்தை ஒட்டி இறங்கும் கயிறுகளை முதலில் முடித்துவிட வேண்டும். பருமல் நுனிகளிலிருந்து வருபவை கடைசி. மாற்றிச் செய்தால் கடைசியில் கை நுழைய வழியிருக்காது.

ஒரு பருமலை எடுத்துக்கொள்வோம். அதை ஏற்றுவது ஆஞ்சான். நுனிகளைத் தாங்குபவை இரண்டு. அதை இடமும் வலமுமாகத் திருப்புபவை இரண்டு. இரு பாய்மரத்திலும் பருமல் உள்ள பிரிக் வகைக் கப்பலில் பின் பாய்மரத்தின் பருமலைத் திருப்பும் கயிறுகள் பெரும்பாலும் முன்னோக்கிச் சென்று முன் பாய்மரத்தின் வழியாகத் தளத்துக்கு இறங்கும். பாயின் கீழ்மூலைகளைப் பிடிப்பது தாமான். பாயைச் சுருக்க மேலே இழுப்பவை தனி. இத்தனையும் வெவ்வேறு முளைக்குப் போகும். கயிறு போடும் முன் ஒரு நூலைத் தளர்வாக ஓட்டி, வழியில் எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் வழி தவறு. உண்மைக் கப்பலில் அந்தக் கயிறு சில வாரங்களில் அறுந்திருக்கும்.

பாய் வைக்காமல் கயிறுகளை மட்டும் காட்ட விரும்பினால் ஒன்றை மறக்காதீர்கள். மேல் பாயின் பருமல் பாய் விரிந்தால்தான் ஏறும், சுருட்டினால் இறங்கிவிடும். பாயில்லாத மாதிரியில் அந்தப் பருமல் கீழ்ப் பாய்மரத்தின் தலைக்குச் சற்று மேலே இறங்கி நிற்க வேண்டும். உச்சியில் ஏற்றிவைத்த பல மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே அது எதற்கு என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

பாய் வைப்பவர்கள் கிடைப்பதிலேயே மெல்லிய பருத்தித் துணியை எடுத்து, நீர்த்த தேயிலைச் சாற்றில் நனைத்து வெண்மையைக் குறையுங்கள். உண்மைப் பாய் இரண்டடி அகலத் துணிகளை இணைத்துத் தைத்தது, 9.5 மி.மீ.க்கு ஒரு கோடு பென்சிலால் போட்டால் போதும், தையல் இந்த அளவில் முரடாகத் தெரியும். சுற்றிலும் மெல்லிய கயிற்றைத் தைத்து ஓரம் கட்டுங்கள். சுருட்டிய பாய்க்கு முழு உயரத் துணியையும் சுருட்டினால் தலையணை போலப் பருத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு உயரமே போதும்.

முளையில் கட்டும்போது அடியில் ஒரு சுற்று, மேலே குறுக்காக ஒரு சுற்று, மறுபடி அடியில். பசை தொட்டு, நுனியை ஒட்ட வெட்டுங்கள். மிச்சக் கயிற்றின் சுருளைத் தனியாகச் செய்து தொங்கவிடலாம்: இரண்டு ஊசிகளில் சுற்றி, நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஈரமாக இருக்கும்போதே முளையில் மாட்டி, சாமணத்தால் கீழ்நோக்கி வருடிவிட்டால் கனத்தில் தொங்குவது போலவே காயும். சுருளின் அளவும் கயிற்றின் வேலையைப் பொறுத்தது. ஆஞ்சானுக்கு நீண்ட சுருள். பருமல் நுனியைத் தாங்கும் கயிற்றுக்குச் சிறியது.

வைக்கும் இடம்

கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வைக்காதீர்கள். கயிற்றில் படியும் தூசியைத் துடைக்க வழியே இல்லை. பல்லி ஒருமுறை படிக்கயிற்றில் ஏறினால் போதும். பெட்டியை முழுக்க அடைத்துவிடவும் கூடாது, மழைக்காலத்து ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அடிப்பலகையில் சில துளைகள் போட்டு, பூச்சி நுழையாதபடி உட்புறம் மெல்லிய வலை ஒட்டுங்கள். வெளிச்சுவரை ஒட்டியோ நேர்வெயில் படும் சன்னல் அருகிலோ வேண்டாம். முதல் மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பெட்டியைத் திறந்து, முக்கண் கட்டைகளையும் பலகை மூட்டுகளையும் ஒரு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது கயிறு தளர்ந்திருந்தால் அந்த முடிச்சில் ஈரத் தூரிகையால் நீர் தொட்டு வையுங்கள். ஃபெவிகால் இளகும், இழுத்துச் சரிசெய்து மறுபடி ஒட்டிவிடலாம்.